வரைபடமும் கையுமாக மன்னார் வளைகுடாக் கரையில்

பிப்ரவரி 8, 2025, சனி – புன்னைக்காயல்

தூத்துக்குடியிலிருந்து தனுஷ்கோடி வரையுள்ள கடலில், மீன்பிடிப்பு, கழிவு, சூடு என்று மனிதர்களால் எந்த இடத்தில் எவ்வளவு சுமை விழுகிறது என்று ஒரு வரைபடம் போட்டுக்கொண்டிருக்கிறோம். செயற்கைக்கோள் படங்கள், துறைமுகக் கணக்கு, மக்கள்தொகைக் கணக்கு இதையெல்லாம் வைத்து முதல் வடிவத்தைச் சென்னையிலேயே போட்டாகிவிட்டது. அதை அச்செடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், கடலிலேயே கிடப்பவர்களிடம் காட்டி, சரியா தப்பா என்று கேட்டு வரத்தான் இந்தப் பயணம். கூட வந்தது ஓர் ஆய்வு மாணவனும் ஓட்டுநர் அண்ணனும்.

இந்த மாதிரி வரைபடத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2008-இல் பென் ஹால்பெர்னும் அவருடைய கூட்டாளிகளும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டது. உலகக் கடல் முழுவதையும் சதுர கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்தார்கள். சுமைகள் 17 வகை, வாழிடங்கள் 20 வகை. ஒரு கட்டத்தில் எந்தச் சுமை எவ்வளவு இருக்கிறது, அங்கே கிடப்பது பவளமா மணலா கடற்புல்லா, அந்த வாழிடம் அந்தச் சுமைக்கு எவ்வளவு நொந்துபோகும், இந்த மூன்றையும் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் அந்தக் கட்டத்துக்கு ஓர் எண் வரும். மனிதக் கை படாத கடல் எங்குமே இல்லை, 41 சதவீதம் பலமாக அடி வாங்கியிருக்கிறது என்று அந்த வரைபடம் சொன்னது. நாங்களும் அதே கணக்கைத்தான் இந்தச் சின்னக் கடலுக்குப் போட்டிருக்கிறோம்.

முதல் ஊராகப் புன்னைக்காயலைப் பிடித்ததற்குக் காரணம் தாமிரபரணி. ஆறு கடலில் விழும் இடத்தில் எங்கள் வரைபடம் ஒரு விசிறி போல ஆரஞ்சு நிறம் காட்டியது. வயலில் போடும் உரமும் பூச்சிமருந்தும் ஆற்றோடு வந்து முகத்துவாரத்திலிருந்து பரவும் என்று கணினி போட்ட கணக்கு அது. வாழையும் நெல்லும் விளைகிற பூமி என்பதால் நம்பும்படியாகவும் இருந்தது.

படகுத் துறைக்குப் பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த ஓர் அண்ணாச்சியிடம் தாளை விரித்தோம். அவர் முதலில் கேட்டது, "இது எந்த மாசத்துக் கடல்?" என்று. வருடத்துச் சராசரி என்றோம். "அப்படி ஒரு கடல் இல்லியே" என்றார்.

கோடையில் ஸ்ரீவைகுண்டம் அணையைத் தாண்டி வரும் தண்ணீர் கொஞ்சம்தான். அப்போது கடல்தான் ஆற்றுக்குள் ஏறி நிற்கும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் ஆறு கடலுக்கு வருகிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தை அவர் கையை விரித்துக் காட்டியே சொன்னார். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டிய வெள்ளம் அது. மரம், மாட்டுத் தொழுவத்துக் கூரை, பிளாஸ்டிக் குடம், செத்த ஆடு எல்லாம் இந்த வாய் வழியாகத்தான் கடலுக்குப் போயிற்று. அதற்கப்புறம் வலை போட்டால் சேறும் குப்பையும்தான் ஏறியதாம். வருடம் முழுவதுக்கும் சமமாகப் பிரித்துப் போட்ட எங்கள் ஆரஞ்சு விசிறியில் அந்த நாட்கள் எங்கேயுமே இல்லை.

மத்தியானம் அவர் வீட்டிலேயே சாப்பாடு. வேண்டாம் என்று எவ்வளவு சொல்லியும் விடவில்லை. சாளைக் குழம்பும் நகரை மீன் பொரியலும். குழம்பில் தேங்காய் அரைத்து ஊற்றியிருந்தார்கள். புளி குறைவு, மிளகாய் கூடுதல். காசு கொடுக்கப் போனபோது அந்த அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தூத்துக்குடி திரும்பியதும் கால் கிலோ மக்ரூன் 240 ரூபாய்க்கு வாங்கி, ஊருக்குத் திரும்பிப்போகிற ஒருவரிடம் அந்த வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.

பிப்ரவரி 9, ஞாயிறு – திரேஸ்புரம்

ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்து எல்லோரும் கரையில் இருப்பார்கள் என்பதால் எங்களுக்கு வசதி. டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ 12 ரூபாய், வாழைக்காய் பஜ்ஜி 10. ஒரு மணி நேரத்துக்குள் எங்கள் தாளைச் சுற்றிப் பெரிய கூட்டம் சேர்ந்துவிட்டது.

சங்கு குளித்த பெரியவர் ஒருவர் வந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். இடது காது கேட்காது. வலது பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, வான் தீவு இருக்கும் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். அந்தக் கட்டம் எங்கள் தாளில் மிதமான மஞ்சளில் இருந்தது. "இங்க ஏன் ரத்தம் மாதிரி சிவப்பு போடல?" என்று கேட்டார்.

நான் விளக்கினேன். படகுப் போக்குவரத்து குறைவு, தீவில் ஆள் இல்லை, தேசியப் பூங்கா என்பதால் கட்டுப்பாடு இருக்கிறது. அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "நாங்க கல்லு எடுத்தோம்லா."

கல் என்றால் பவளம். ஒரு காலத்தில் இந்தக் கரையில் அது வெளிப்படையான தொழில். கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றிக் கொண்டுவருவார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும், வீடு கட்டவும் போகும். 1986-இல் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா அறிவித்த பிறகும் அது நடந்தது. 2001-இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்த்தார்கள். சுனாமிக்கு அப்புறம்தான், 2005 வாக்கில், கிட்டத்தட்ட நின்றது. தூத்துக்குடியில் இருக்கும் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்தார் அந்தச் சமயத்தில் முங்கி அளந்தபோது, 110 சதுர கிலோமீட்டர் பவளப் பரப்பில் 32 சதுர கிலோமீட்டர் அதற்குள் அழிந்திருந்தது.

அலையை உடைக்கப் பவளம் இல்லாவிட்டால் தீவு கரையும். 16 ஹெக்டேர் இருந்த வான் தீவு 2015 வாக்கில் 2 ஹெக்டேருக்கும் கீழே போய்விட்டது. அப்புறம்தான் ஓட்டை போட்ட கான்கிரீட் பாளங்களைச் செய்து தீவுக்கு வெளியே வரிசையாக இறக்கினார்கள். பாளங்களுக்குப் பின்னால் மணல் தங்க ஆரம்பித்திருக்கிறது. இப்போது காரியாச்சல்லித் தீவுக்கும் அதே வைத்தியம்தான்.

கல் எடுத்தது நின்று இருபது வருடம் ஆகிறது. அதனால் இன்றைய சுமையை மட்டும் கணக்குப் பார்க்கும் எங்கள் அட்டவணையில் அதற்குச் சுழி. ஹால்பெர்னின் 17 வகைகளிலும் பவளம் வெட்டுவது கிடையாது. ஆனால் தீவு இன்னும் அதற்கான விலையைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதைக் கணக்கில் சேர்க்காத வரைபடத்தை மன்னார் வளைகுடா வரைபடம் என்று சொல்லக்கூடாது என்று எனக்குத் திட்டவட்டமாகத் தோன்றியது. எந்தெந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், யார் யார் காலத்தில் எவ்வளவு எடுத்தார்கள் என்று கேட்டு எழுதத் தொடங்கினோம். அந்தப் பெரியவர் ஒவ்வொரு பாராகப் பெயர் சொன்னார். எதையும் மறைக்கவில்லை. "பசிச்சுது, எடுத்தோம். இப்போ எம் பேரனுக்கு மீனு இல்ல."

அனல்மின் நிலையத்துச் சுடுநீரும் அந்த 17-இல் இல்லாத இன்னொன்று. இயந்திரத்தைக் குளிர்விக்க எடுக்கும் கடல்நீர் சூடாகத் திரும்பி வருகிறது. 1,050 மெகாவாட் நிலையம் என்றால் எவ்வளவு தண்ணீர் ஓடும் என்று யோசித்துக்கொள்ளலாம். அந்த வாயில் எந்த மீன் எந்தப் பொழுதில் ஒதுங்கும், எது அண்டாது என்று இளைஞர்கள் இருவர் வாக்குவாதமே நடத்தினார்கள். இரண்டு பேர் சொன்னதையும் குறித்துக்கொண்டோம்.

இரவு பொரித்த பரோட்டா. சால்னாவில் ஊறப்போட்டுச் சாப்பிட வேண்டும் என்று பக்கத்து மேசைக்காரர் சொல்லிக் கொடுத்தார். தங்கிய விடுதியில் குழாயில் உப்புத் தண்ணீர். சோப்பு நுரைக்கவே இல்லை.

பிப்ரவரி 10, திங்கள் – வேம்பார்

நாளைக்குத் தைப்பூசம். கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகப் பச்சையும் மஞ்சளும் உடுத்தியவர்கள் திருச்செந்தூரை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். பந்தல் போட்டு எல்லோருக்கும் தண்ணீரும் பானக்கமும் கொடுத்தார்கள். காரில் போகிற எங்களையும் நிறுத்திக் கொடுத்தார்கள். சூரங்குடி தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. நடந்து வந்தவர்களில் ஒருவர் மெக்கானிக். காவடியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு, எங்களுக்காக இரண்டு கிலோமீட்டர் பின்னால் போய்ப் பஞ்சர் கடைக்காரரை வண்டியோடு அனுப்பி வைத்தார். நன்றி சொல்வதற்குள் கூட்டத்தோடு போய்விட்டார். பஞ்சருக்கு 150 ரூபாய் ஆனது.

வேம்பாரில் நாட்டுப்படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எங்களைக் கடலுக்குக் கூட்டிப் போனார். தீவில் இறங்க அனுமதி கிடையாது, வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வருவதாக ஏற்பாடு. கிளம்பும் முன் கரையில் வைத்துத் தாளில் பேனாவால் குறித்தார். நண்டு வலை விடும் இடம், விசைப்படகு உள்ளே வந்து மடிவலை இழுக்கும் இடம், அறுந்த வலை பாரில் மாட்டிக் கிடக்கும் இடம்.

விசைப்படகு விஷயத்தை விரிவாகச் சொல்ல வேண்டும். 1983-ஆம் வருடத்து மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு இழுவை மடி போடக்கூடாது. எங்கள் வரைபடத்திலும் மூன்று மைலுக்குள் இழுவை மடி சுமை மிகக் குறைவாகவே இருந்தது. பெரிய கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தைச் சமிக்ஞையாக அனுப்பிக்கொண்டே இருக்கும். உலக அளவில் மீன்பிடிப்பை வரைபடமாக்குகிறவர்கள் அதிகம் நம்புவது அந்தச் சமிக்ஞையைத்தான். இங்குள்ள படகுகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கருவி இல்லை. அதனால் உலக வரைபடங்களில் இந்தக் கடல் காலியாகத் தெரிகிறது. அந்தக் காலி இடத்தின் மேல்தான் அண்ணன் வரிசையாகக் கோடு போட்டார்.

கடலில் லேசான கொண்டல், அதாவது கீழைக்காற்று. மன்னார் வளைகுடா இந்த மாதங்களில் சாதுவாக இருக்கும் என்றார்கள், இருந்தது. இருந்தாலும் திரும்பும் வழியில் ஓர் அலை பக்கவாட்டில் அடித்துப் படகுக்குள் தெறித்து, உறையைத் தாண்டித் தாள் நனைந்துவிட்டது. அச்சு மையும் பேனா மையும் கலந்து ஓடிவிட்டன. காலையில் குறித்ததில் பாதி போய்விட்டது.

கரையில் வேறு பிரதியை விரித்து, மறுபடியும் குறித்துத் தரக் கேட்டோம். காலையில் போட்ட குறிகளில் நனையாமல் தப்பியவை இருந்ததால் ஒப்பிட முடிந்தது. நண்டு வலையும் அறுந்த வலையும் அச்சு அசலாக அதே இடத்தில் விழுந்தன. அரைக் கட்டம்கூட விலகவில்லை. கோயில் கோபுரமும் கரையிலிருக்கும் பனையும் எப்படி ஒன்று சேர்ந்தால் எந்தப் பார் என்று மனதில் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் விசைப்படகுக் கோடுகள் மட்டும் வேறு இடத்தில் வந்தன. இரண்டு கோடு தீவுக்கு உள்பக்கமாக, கரைக்கும் தீவுக்கும் நடுவில் விழுந்தது. மாணவன் என்னைப் பார்த்தான்.

"காலைல நீங்க, இப்போ எங்க வாறாங்கன்னு கேட்டீங்க" என்றார் அண்ணன். "இப்போ, எங்கெல்லாம் வருவாங்கன்னு கேக்கீங்க. கச்சான் அடிக்கையில வெளிய நிக்க முடியாது. தீவுக்கு உள்ள வந்துருவாங்க. இந்தப் பக்கம் பூராவும் தாழை."

கச்சான் என்பது தென்மேற்குக் காற்று, தாழை என்பது கடற்புல். மீன் குஞ்சுகள் வளர்வது அதற்குள்தான். மணல் தரையில் மடி இழுப்பதும் தாழையில் இழுப்பதும் ஒன்றல்ல என்று கணக்கிலேயே வேறுபாடு வைத்திருக்கிறோம். தாழை எங்கே என்ற அடுக்கும் எங்களிடம் இருந்தது, மடி எங்கே என்ற அடுக்கும் இருந்தது. ஆடி ஆவணியில் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன என்பது இன்று சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிந்தது. தாளில் பென்சிலால் 'கச்சான்', 'வாடை' என்று இரண்டு தலைப்புப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டோம். இருட்டும் வரை உட்கார்ந்திருந்தார். கிளம்பும்போது வேம்பார் கருப்பட்டி ஒரு ஓலைப்பெட்டி வாங்கிக்கொண்டோம், கிலோ 350 ரூபாய்.

பிப்ரவரி 11, செவ்வாய் – ஏர்வாடி, கீழக்கரை

நல்ல வெயில். ஏர்வாடியில் கண்ணாடித் தளம் வைத்த படகில் ஏறினோம். தண்ணீர் தெளிவாக இருந்ததால் மான்கொம்புப் பவளமும் மூளைப் பவளமும் நன்றாகவே தெரிந்தன. நடுநடுவே சாம்பல் நிறத்தில் பாசி மூடிய செத்த பவளம். ஓரிடத்தில் நைலான் வலைத் துண்டு கிளைகளைச் சுற்றி இறுகியிருந்தது. உயிரோடிருக்கும் பழுப்புக் கிளையில் வலை உரசிய இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது. அந்த வலைக்குள்ளேயே விரல் நீள மீன் ஒன்று போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.

படகோட்டிக்குப் பவளம் வெளுத்த வருடங்கள் எல்லாம் மனப்பாடம். 2010, 2016, அப்புறம் போன கோடை. 2016-இல் இந்த வளைகுடாவில் உயிர்ப் பவளத்தின் பரப்பு 38.9 சதவீதத்திலிருந்து 22.7-க்கு இறங்கியது. வெப்பத்தால் வரும் இந்தச் சுமையை வரைபடத்தில் சேர்ப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது. கடல் சூடு எல்லாக் கட்டத்திலும் ஏறக்குறைய ஒரே அளவு. பவளத்துக்கு அதன் பாதிப்பு அதிகம் என்று எடை போட்டிருப்பதால், பவளம் இருக்கும் கட்டம் எல்லாமே சிவப்பாகிவிடுகிறது. அப்புறம் பக்கத்துச் சாக்கடையும் அறுந்த வலையும் கண்ணுக்கே தெரிவதில்லை. அதைப் பார்க்கும் அதிகாரி, சூடு உலகப் பிரச்சினை, நாம் என்ன செய்ய முடியும் என்று மூடி வைத்துவிடலாம். உண்மையில் சூட்டில் நொந்த பவளம் மறுபடி தேற வேண்டுமானால், இங்கே நம்மால் நிறுத்தக்கூடிய சுமைகளை முதலில் நிறுத்த வேண்டும். ஆகவே சூட்டைத் தனித் தாளிலும், மற்றவற்றைத் தனித் தாளிலும் போடுவது என்று படகிலேயே முடிவு செய்தோம்.

கீழக்கரையில் சாயங்காலம் ஒரு வீட்டில் தொதல் கொடுத்தார்கள். கருப்பட்டியும் தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் மணிக்கணக்கில் கிண்டிச் செய்வது, எண்ணெய் மினுமினுக்கும். கடற்கரைக்கு இறங்கும் இடத்தில் ஊர்ச் சாக்கடை நேராகக் கடலில் விழுகிறது. எங்களைக் கூட்டிப்போன காக்கா (இங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்) அதைக் காட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். எங்கள் மக்கள்தொகைக் கணக்குப்படி அந்தக் கட்டத்துக்கு வந்த எண்ணும் பெரியதுதான். கணினியும் ஊரும் ஒத்துப்போன இடம் இது.

பிப்ரவரி 12, புதன் – பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கிராமம்

ஊரின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. காரணம் நாளைய குறிப்பில்.

இன்று பௌர்ணமி. பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், அமாவாசையை ஒட்டி ஆறு நாள், மாதத்தில் அவ்வளவுதான் இந்த ஊர்ப் பெண்கள் கடற்பாசி எடுக்கப் போகிறார்கள். நீர் நன்றாக வற்றும் நாட்கள் அவை. மற்ற நாட்களில் போவதில்லை என்று அவர்களே பேசி வைத்துக்கொண்டது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்திலும் பாசி வளர விட்டுவிடுகிறார்கள். தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருதை 2015-இல் வாங்கிய லட்சுமி மூர்த்தியும் பாம்பன் பக்கத்துப் பாசி எடுக்கும் பெண்தான்.

மதியத்துக்கு மேல் வள்ளம் கரைக்கு வந்தது. சேலைக்கு மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, கண்ணுக்கு மாஸ்க், காலில் ரப்பர் செருப்பு, விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். ஓர் அக்கா கரையில் உட்கார்ந்து அந்தத் துணியைப் பல்லால் இழுத்து அவிழ்த்தார். உள்ளே விரல்நுனி ஊறி வெளுத்து, குறுக்கும் நெடுக்குமாகக் கீறல். நகத்துக்கு அடியில் பவளத்துண்டு ஒன்று குத்தி நின்றது. அதை ஊக்கால் எடுத்தபடியே என்னிடம் பேசினார்.

"நீ தாளைக் காட்டு தங்கச்சி, பாப்பம்."

எங்கள் தாளில் பாசி எடுப்பது என்று ஓர் அடுக்கு உண்டு. பூங்கா எல்லைக்குள் வரும் கட்டங்களில் இத்தனை பெண்கள், இத்தனை நாள் என்று பெருக்கிப் போட்டது. மரிக்கொழுந்துப் பாசி எடுக்கிறார்களா, கட்டக்கோரையா என்ற வித்தியாசம் அதில் இல்லை. அக்கா சிரிக்கவில்லை, கோபமும் படவில்லை. ஒரு கொத்து மரிக்கொழுந்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, வேர்ப்பிடி எங்கே இருக்கும், எந்த இடத்தில் கிள்ளினால் திரும்பத் துளிர்க்கும் என்று காட்டினார். முன்பெல்லாம் இரும்பால் சுரண்டியதும் உண்டாம். இப்போது கை மட்டும்தான். வேரோடு பிடுங்கினால் அடுத்த அமாவாசைக்கு அந்த இடத்தில் ஒன்றும் இருக்காது என்று வயதுப் பெண்களைத் திட்டித் திட்டிப் பழக்கியிருக்கிறார்கள்.

அதே பாறையில், ஒருத்தி சுரண்டினால் ஒரு எண், கிள்ளினால் வேறு எண். கணினிக்குத் தெரிந்தது தலைக்கணக்கு மட்டும். இந்தப் பெண்களின் அம்மாக்களும் பாட்டிகளும் 1986-க்கு முன்பிருந்தே அந்தத் தீவுகளைச் சுற்றிப் பாசி எடுத்தவர்கள். பூங்கா வந்தபிறகு போவதற்கும் வருவதற்கும் பயம். படகைப் பிடித்துக்கொள்வார்கள், எடுத்ததைக் கொட்டச் சொல்வார்கள் என்று ஒவ்வொருத்தியும் ஒரு கதை வைத்திருக்கிறாள். விசைப்படகு வரும் வழிகளும், எந்தப் பாரில் பவளம் உடைந்திருக்கிறது என்பதும் இவர்களைப் போலத் தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டே மணிக்கணக்கில் நீந்துகிறவர்கள்.

இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து தாளில் இடம் இடமாகக் குறித்தார்கள். எந்தப் பாசி, எந்த மாதம், எத்தனை நாளுக்கு ஒரு தடவை. இதற்கு முன் எங்கேயும் கிடைக்காத நுணுக்கம். நடுவே ஒரு பெண் வீட்டிலிருந்து சோறும் காரல் மீன் சொதியும் கொண்டுவந்தாள். கை கழுவாமல் மரிக்கொழுந்து வாசத்தோடு சாப்பிட்டேன்.

எழுந்திருக்கும்போது அந்த அக்கா தாளின் மேல் கையை வைத்து அழுத்தினார். "நாங்க காட்டுனது நீங்க தெரிஞ்சுக்க. ஊருக்கெல்லாம் காட்டிப்புடாதீங்க. காட்டுனா, ஒண்ணு எங்களை மறிப்பாங்க, இல்லாட்டி வெளியூர்க்காரன் ஆளோட வந்து வாரிட்டுப் போயிருவான்."

பிப்ரவரி 13, வியாழன் – தனுஷ்கோடி, பாம்பன்

மாசி முதல் நாள். தனுஷ்கோடிச் சாலையில் வடக்கே பாக் விரிகுடாக் கடல், தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு பக்கம் பெண்கடல், மறுபக்கம் ஆண்கடல் என்கிறார்கள். வாடைக் காலத்தில் பெண்கடல் கொந்தளிக்கும், கச்சானில் ஆண்கடல். இன்று வடக்குப் பக்கம் கலங்கலும் நுரையும், தெற்கே கண்ணாடி. இரண்டையும் சேர்த்து ஒரே சராசரி போட்டிருந்தோம் என்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அவித்த வேர்க்கடலை 20 ரூபாய். மீன் வறுவல் கடைக்காரர் ஒரு பாறை மீனுக்கு 400 கேட்டார், 300-க்குக் கொடுத்தார்.

வடக்குக் கரையில் மூங்கில் மிதவைகள். கப்பாபைகஸ் பாசியைக் கயிற்றில் கட்டி வளர்க்கிறார்கள். பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி. வளர்க்கும் பெண்களுக்குக் கையில் காசு வருகிறது. அதே பாசி தெற்கே குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதை 2008-இல் ஆய்வாளர்கள் கண்டு எழுதினார்கள். அன்றிலிருந்து கையால் பிடுங்கி எடுக்க எடுக்கத் திரும்ப வருகிறது. சுமை என்று தாளில் எழுதும்போது அதன் மறுபக்கத்தில் ஒருத்தியின் பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது. இரண்டையும் எழுதினோம். 2022-இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை ஆவுளியா என்ற கடற்பசுவுக்காகக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அது மேயும் தாழையும் அங்கேதான். அந்தப் பக்கத்தை அடுத்த தடவைதான் முழுதாகப் பார்க்க முடியும்.

இரவு பாம்பன் விடுதியில் மின்சாரம் போய்விட்டது. புது ரயில் பாலத்துக்கு அன்று வரை திறப்பு விழா நடக்கவில்லை. மண்டபத்தோடு ரயில் நின்றுவிட்டது. கைப்பேசி வெளிச்சத்தில் பாசி அடுக்கைப் பற்றிப் பேசினோம். மாணவன் அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றான். இவ்வளவு துல்லியமான தரவை மறைத்தால் வரைபடம் குறைபட்டது, இவர்கள் கிள்ளித்தான் எடுக்கிறார்கள் என்பதற்கு ஆதாரமே அதுதானே என்பது அவன் வாதம். வாதம் நியாயமானதுதான். ஆனால் வரைபடம் வெளியானபின் அது எந்த மேசைக்குப் போகும், அங்கே இருப்பவர் 'கிள்ளுதல்' என்ற குறிப்பைப் படிப்பாரா, சிவப்புக் கட்டத்தை மட்டும் பார்ப்பாரா என்பது எங்கள் கையில் இல்லை. மறிக்கப்படப்போவது அந்த அக்காவின் வள்ளம். அவர் சொல்லாமல் அந்த அடுக்கே கிடையாது, ஆகவே அது அவருடையது என்றேன். ஓட்டுநர் அண்ணன் இருட்டிலிருந்து, "அவங்ககிட்ட ஒண்ணு குடுத்துருங்க" என்றார்.

அப்படியே செய்வதென்று முடிவு. வெளியிடும் கோப்பில் பாசி எடுப்பு, மாதவாரியாக, தீவுக் கூட்டம் மொத்தத்துக்கும் ஒரே எண்ணாக மட்டும் வரும். இடம் இடமாகக் குறித்த தாள் ஊர்ப் பெண்கள் சங்கத்தில் இருக்கும். யாருக்குக் காட்டுவது என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

பெரிய தாளில் அச்செடுக்க ராமநாதபுரம் வரை போக வேண்டியிருந்தது. ஒரு பிரதி 180 ரூபாய். இந்தத் தடவை பிளாஸ்டிக் உறையும் போட்டு வாங்கினோம். திரும்பி வந்து கொடுத்தபோது அந்த அக்கா திண்ணையில் விரித்து, விரலை வைத்து நிதானமாகப் பார்த்தார். இரண்டு இடத்தில் தப்பு என்றார். திருத்திக்கொண்டோம். கச்சான் மாதங்களுக்கு இன்னொரு தாள் வேண்டும், அதற்கு ஆடியில் வரச் சொல்லியிருக்கிறார்.